எதிர்பார்ப்பின் பழியைப் படத்தின் மீது போடாதீர்கள்

"நிறைய எதிர்பார்த்துப் போனோம், ஏமாந்து வந்தோம்." குடும்பத்தோடு பார்க்கக்கூடிய அனிமேசன் படம் ஒன்று வெளிவரும்போதெல்லாம் எழுதப்படும் விமர்சனங்களில் இந்த வாக்கியம் ஏதோவொரு வடிவில் இடம்பிடித்து விடுகின்றது. மூன்று தசாப்தங்களாகப் பிறர் எழுதிய பிரதிகளைத் திருத்திவரும் எனக்கு இதன் மீது தீராத கோபம் உண்டு. எதை எதிர்பார்த்தார், யார் சொல்லி எதிர்பார்த்தார் என்பதை எழுதியவர் சொல்வதில்லை. திரையில் என்ன இருந்தது என்பதையும் சொல்வதில்லை. தமது மனநிலையை அறிவித்து, அதற்கு இரண்டு நட்சத்திரங்களையும் வழங்கிவிட்டு எழுந்து போய்விடுகின்றார்.

எதிர்பார்ப்பு தானாக முளைப்பதன்று. அதை உற்பத்தி செய்வதற்கென்றே ஒரு வியாபாரம் இருக்கின்றது. 2009இல் டிஸ்னி வெளியிட்ட 'த பிரின்சஸ் அன்ட் த ஃபுரொக்' நினைத்த வசூலைத் தரவில்லை. தலைப்பில் இளவரசி இருந்ததால் ஆண்பிள்ளைகள் வரவில்லை என்று நிறுவனம் கருதியது. உடனே, தயாரிப்பிலிருந்த 'ரபுன்செல்' படத்தின் பெயர் 'டாங்கிள்ட்' என்று மாறி 2010இல் வெளிவந்தது. 2013இல் வந்த 'ஃபுரோசன்' படத்தின் முதல் முன்னோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பனிமனிதனின் கரட் மூக்குக்காக அவனும் ஒரு கலைமானும் உறைந்த ஏரியில் அடிபடுகின்றார்கள். அது இரு சகோதரிகளின் கதை என்பதற்கு அதில் அடையாளமே இல்லை. இந்த வியாபாரிகள் விற்றதை வாங்கிக்கொண்டு போய், உள்ளே வேறொன்று இருந்தது என்று இயக்குநரிடம் கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

பிக்ஸாரின் கதை இதற்கு மறுபக்கம். 1995இன் 'டோய் ஸ்டோரி' முதல் 2010இன் 'டோய் ஸ்டோரி 3' வரை பதினொரு படங்கள். கடைசி இரண்டும் ஒஸ்காரில் சிறந்த படத்துக்கான பரிந்துரையையே பெற்றன. அதன் பின் 2011இல் வந்தது 'கார்ஸ் 2'. உளவுப்படங்களைக் கேலி செய்யும் ஒரு பாரந்தூக்கி வண்டியின் கதை. விமர்சகர்கள் கொதித்தெழுந்தார்கள். அது பெரிய படம் என்று நான் வாதாட வரவில்லை; சத்தம் அதிகம், கதை குறைவு. ஆனால் அன்று எழுதப்பட்டவற்றுட் பல அப்படத்தின் குறையை ஆராயவில்லை. 'அப்' போல இல்லையே என்ற புலம்பலாகவே இருந்தன. வேறொரு நிறுவனத்தின் பெயரில் வந்திருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். பிள்ளைகளோ பிக்ஸாரின் பெருமையை அறியாதவர்கள். உலகெங்கும் 55 கோடி டொலருக்கு மேல் வசூலானது.

எதிர்பார்ப்பு இல்லாமற் போனாலும் படம் சாகும். பிராட் பேர்ட் இயக்கிய 'த அயன் ஜயன்ட்' 1999இல் வெளிவந்தது. முந்திய ஆண்டில் 'குவெஸ்ட் ஃபோர் கெமலொட்' தோல்வியடைந்ததில் வோர்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு அனிமேசன் மீதே நம்பிக்கை போயிருந்தது. விளம்பரத்தில் அக்கறை காட்டவில்லை. அமெரிக்கத் திரையரங்குகளில் திரட்டியது சுமார் 2 கோடியே 30 இலட்சம் டொலர். செலவு அதன் இரு மடங்குக்கு மேல். பிறகு தொலைக்காட்சியிலும் இறுவட்டிலும் பார்த்தவர்கள்தாம் அதை மீட்டெடுத்தார்கள்.

இங்கே பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே படத்தை முப்பது தடவை பார்க்கும் பிள்ளையை அறியாத வீடு இருக்காது. அதற்கும் எதிர்பார்ப்பு உண்டு, எம்மைவிடக் கூடுதலாகவே உண்டு. அடுத்து என்ன வரப்போகின்றது என்று தெரிந்திருப்பதே அதன் ஆனந்தம்; அந்த இடம் வருமுன்னரே சிரிக்கத் தொடங்கிவிடும். புதுமை இல்லை என்று முகம் சுளிப்பவர் பக்கத்து ஆசனத்தில் இருக்கும் பெரியவர்தான்.

அப்படியானால் எதையும் எதிர்பார்க்கவே கூடாதா என்று கேட்பீர்கள். 1988 ஏப்ரலில் ஜப்பானில் நடந்ததைச் சொல்கின்றேன். ஜிப்லி நிறுவனம் இரு படங்களை ஒரே காட்சியில் இணைத்து வெளியிட்டது. ஒன்று மியாசாக்கியின் 'மை நெய்பர் டொட்டோரோ': கிராமத்துக்குக் குடிவரும் இரு சிறுமிகளும் காட்டில் வாழும் பருத்த உருவமும். மற்றையது தக்காஹட்டாவின் 'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்': 1945இல் கோபே நகரின் மீது பொழிந்த தீக்குண்டுகளில் தாயை இழந்த அண்ணனும் சிறு தங்கையும். விமானக் குண்டுவீச்சு என்னவென்று எமது வாசகர்களிற் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டும் சித்திரப்படங்கள், இரண்டிலும் சிறு பிள்ளைகள். குடும்பத்துக்கான பொழுதுபோக்கு என்று நம்புவதற்கு அது போதுமாயிருந்தது. இரு படங்களும் அப்போது அரங்குகளில் பெரிதாக ஓடவில்லை. பின்னர் டொட்டோரோ தொலைக்காட்சியாலும் பொம்மைகளாலும் வீடுகளுக்குள் புகுந்து அந்நிறுவனத்தின் சின்னமாகவே ஆனது. மற்றையது உலகின் தலைசிறந்த யுத்தப் படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. ஒரு சட்டகம்கூட மாறவில்லை.

விமர்சகருக்கு உண்மையில் வேலை இருந்த இடம் அதுதான். நட்சத்திரம் எவருக்கும் தேவைப்பட்டிருக்காது. பிள்ளையின் கையைப் பிடித்தபடி சீட்டு வாங்க நின்ற தாய்க்கு ஒரு வரி போதும்: இரண்டிலொரு படத்தில் அண்ணனும் தங்கையும் பட்டினியால் இறக்கின்றார்கள்.