காட்டோடு நின்றுவிடும் கணக்கு

மயில் பெருகிவிட்டது, பன்றி பெருகிவிட்டது என்று முறையிடுகிறோம். எத்தனை என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. கேட்கிற அதிகாரியிடமும் இல்லை. வனவிலங்குக் கணக்கு பெரும்பாலும் காட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. விலங்குகளுக்கு ஏது எல்லைக்கல்?

வால்பாறையைப் பாருங்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டு நிலம். தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே பழைய மழைக்காடு சிறு சிறு திட்டுகளாக மிஞ்சியிருக்கிறது. அவற்றுள் ஒன்றான புதுத்தோட்டம் 1 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட சோலைமந்திகள் எண்ணப்பட்டுள்ளன. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் காடு செழிப்பாக இருக்கிறது என்பார். உண்மை வேறு. திட்டைச் சுற்றிலும் தோட்டமும் சாலையும் வீடும். மந்திகள் வீடுகளில் புகுந்தன. சாலையில் வண்டியில் அடிபட்டன. மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்ட நேர்ந்தது.

ஆகவே, திட்டுக்குள் எத்தனை என்பது பாதிக் கணக்கே. இடைப்பட்ட நிலத்தில் என்ன நடக்கிறது என்பது மறு பாதி. சமவெளியில் அந்த இடைப்பட்ட நிலம் நம்முடையது.

இதற்குப் படிப்பு வேண்டாம். ஒரு நோட்டு போதும். வாரம் ஒரு நாள், விடியற்காலை, அதே வரப்பில் கால் மணி நேரம் நடந்து, கண்ட மயில், கௌதாரி, கீரி, பன்றித் தடம் யாவற்றையும் எழுதுங்கள். ஒன்றும் காணாத நாளையும் தவறாமல் எழுதுங்கள். கண்ணில் படவில்லை என்றால் இல்லை என்று பொருளல்ல. பத்து நடையில் மூன்று முறை கண்டோமா, ஒன்பது முறை கண்டோமா என்பதை வைத்தே தப்பியவற்றையும் மதிப்பிட முடியும். வாராவாரம் கண்டதை மட்டும் கூட்டிவிடாதீர்கள். ஒரே மயில் பத்தாகிவிடும்.

கணக்குக் கொடுத்தால் நிலத்துக்கே தடை வரும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை வீண் என்று தள்ளமாட்டோம். ஆனால் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் மயிலைக் காக்கிறது. மயில் தின்ற விதைக்குச் சாட்சி நம் நோட்டைத் தவிர வேறு ஏது? எலியைத் தின்னும் ஆந்தையும் கீரியும் குறைவதையும் அதே நோட்டு சொல்லும்.

அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வனத்துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து கணக்கெடுப்பை வயலுக்கும் நீட்டட்டும். விவசாயியின் நோட்டை ஏற்கட்டும். அதுவரை காத்திராமல், வரும் வாரமே நாம் முதல் பக்கத்தை எழுதுவோம்.