பெண்டஹாரா வீட்டுச் சண்டை

வியாழன் இரவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. உச்சியில் ராஜேந்திர சோழன், நடுவில் மலாக்கா சுல்தான்கள், அடியில் தங்க எழுத்தில் எங்கள் தாத்தா பெயர். பிரிக்பீல்ட்ஸில் யாரோ இதை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டமும் போட்டுத் தருகிறார்களாம். கிள்ளான் மாமா அனுப்பியது. "நம்ம பரம்பரை, பிள்ளைங்களுக்குக் காட்டுங்க" என்று கீழே ஒரு வரி.

"மாமா, தாத்தாவோட அம்மா பேரு என்ன?" என்று கேட்டேன். படித்துவிட்டார் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.

சோழர் மோகத்தைப் பற்றி இங்கே ஏற்கெனவே பொருமியிருக்கிறேன், வசவும் வாங்கியிருக்கிறேன். ராஜேந்திரன் கடாரத்தின் மேல் படை அனுப்பியது 1025இல். மலாக்கா எழுந்தது 1400 வாக்கில். இடையிலுள்ள முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளை மாமாவின் படம் ஒரே அம்புக்குறியில் தாண்டுகிறது. ஏடும் எழுத்தும் கணக்காக வைத்திருந்த இங்கிலாந்திலேயே அரச வம்சாவளி இடறியிருக்கிறது. லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் கிடைத்தது. ஏட்டின்படி அவருடைய ஆண்வழிப் பங்காளிகளான போஃபோர்ட் பிரபு குடும்பத்தாரின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒத்துப்போகவில்லை என்று 2014இல் அறிவித்தார்கள். நடுவில் எங்கோ ஒரு தகப்பன், ஏட்டில் எழுதியிருக்கும் தகப்பன் அல்ல.

இதை மாமாவுக்கு விளக்கலாம் என்று புத்தக அலமாரியைத் திறந்தேன். அங்கேதான் வாரம் தொலைந்தது. ஆமாம், மறுபடியும் மலாக்கா அரசர்களின் கதை சொல்லும் மலாய் நூலான செஜாரா மெலாயுதான். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் செய்ததைத்தான் இந்தப் புத்தகமும் செய்கிறது. மலாக்கா அரச வம்சத்தை மகா அலெக்சாந்தரிடமிருந்து தொடங்கி, கண்ணாடிப் பெட்டியில் கடலுக்குள் இறங்கிக் கடலரசன் மகளை மணந்த ஓர் இந்திய மன்னன் வழியாகக் கொண்டுவருகிறது. ஆனால் முதல் சில அரசர்களிடமே சீனத்து மிங் குறிப்புகளோடு முட்டிக்கொள்கிறது. தந்தை இறந்த செய்தியோடு மகன் 1414இல் சீனாவுக்கு வந்ததாக மிங் ஏடு சொல்கிறது. மலாக்காவின் தொடக்க அரசர்களில் ஒருவரான இஸ்கந்தர் ஷா அந்த மகனா, நகரை நிறுவிய தந்தையேதானா என்று பேராசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்ளட்டும். எனக்குப் பிடித்தது அரச வம்சமல்ல, அதன் பக்கத்து வீடு, தலைமை அமைச்சரான பெண்டஹாராவின் வீடு.

அந்த வீட்டின் மூதாதை மணி புரிந்தன். கெலிங் (தென்னிந்திய) நாட்டில் பஹிலி என்ற ஊரை ஆண்ட ஒரு முஸ்லிம் அரசனின் மகன். சொத்துத் தகராறில் உடன்பிறந்தவனோடு மனம் கசந்து கப்பலேறினான். கப்பல் உடைந்தது. அலு-அலு மீன் ஒன்று அவனை முதுகில் சுமந்து கரை சேர்த்தது, கந்தசூலிச் செடியைப் பிடித்து மேலேறினான். அதனால் என் சந்ததியார் அந்த மீனைத் தின்னக்கூடாது, அந்தப் பூவைச் சூடக்கூடாது என்று கட்டளையிட்டான். (குலதெய்வக் கதை கேட்டு வளர்ந்த யாருக்கும் இந்த மணம் புதிதல்ல.) மலாக்காவில் ஒரு பெரிய மனிதர் வீட்டுப் பெண்ணைக் கட்டினான். மகன் துன் அலி. மகள் சுல்தான் முகமது ஷாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் பெற்ற ராஜா காசிம்தான் பிறகு சுல்தான் முசாஃபர் ஷா ஆனான். மாமா தேடும் உறவு அரண்மனைக்குள் நுழைந்தது இப்படி, ஒரு மகளின் வழியாக. மாமாவின் படத்தில் ஒரு பெண்கூட இல்லை.

இங்கே கிள்ளானும் வருகிறது. மலாக்காவில் பதவி கிடைக்காத துன் பேராக், கிள்ளானில் பெண்ணெடுத்து, கிள்ளான் மக்கள் கேட்டுக்கொண்டதால் அவர்களுக்கே பெங்ஹுலு (ஊர்த்தலைவர்) ஆனவர். சயாம் படையெடுப்பில் பெயர் வாங்கி அரண்மனையில் உயர உயர, அவருக்கும் பெண்டஹாராவாக இருந்த துன் அலிக்கும் ஆகவில்லை. ராஜி பேசிய சுல்தான் முசாஃபர் ஷாவிடம், துன் கூடுவை எனக்குக் கட்டிவையுங்கள் என்றார் வயதான துன் அலி. துன் கூடு யார்? துன் பேராக்கின் சகோதரி, சுல்தானின் மனைவி! சுல்தான் அவளை விலக்கிக் கொடுத்தார். துன் அலி பதவியிலிருந்து விலக, துன் பேராக் பெண்டஹாரா ஆனார். துன் கூடுவிடம் யாராவது கேட்டார்களா என்று புத்தகம் சொல்லவில்லை. அவள் துன் அலிக்குப் பெற்ற பிள்ளைதான் துன் முத்தாஹிர், பின்னாளில் மலாக்காவின் மிகப் பணக்காரப் பெண்டஹாரா.

முத்தாஹிரைக் கவிழ்த்ததும் நம்மவர்தான். மலாக்கா வணிகர்களான நைனா சூரா தேவனாவுக்கும் ராஜா முதலியாருக்கும் வழக்கு. விசாரணைக்கு முந்தைய இரவு நைனா பெண்டஹாராவிடம் பொன் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலியாரிடம் கடன்பட்டிருந்த கித்துல் என்பவன் அதைப் போட்டுக்கொடுத்துக் கடனைத் தள்ளுபடி செய்துகொண்டான். அரண்ட முதலியார் லக்சமானா (கடற்படைத் தலைவர்) கோஜா ஹசானைப் பிடித்தார். பெண்டஹாரா அரியணைக்குக் குறிவைக்கிறார் என்று சுல்தான் மஹ்மூத் ஷாவின் காதுக்குப் போனது. முத்தாஹிரின் மகளான அழகி துன் பாத்திமாவைத் தனக்குக் காட்டாமல் வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்த தகப்பன் மேல் சுல்தானுக்கு ஏற்கெனவே எரிச்சல். 1510 வாக்கில் முத்தாஹிரும் குடும்பத்து ஆண்களும் கொல்லப்பட்டார்கள்.

அத்தனையும் அவதூறு என்கிறது செஜாரா மெலாயு. இல்லை, அவர் அரசைப் பிடிக்கத்தான் பார்த்தார் என்கிறது மலாக்காவைப் பிடித்த அல்புகர்க்கின் மகன் தொகுத்த போர்த்துகீசிய நூல். எதை நம்புவது? செஜாரா மெலாயுவின் ஷெல்லாபேர் பதிப்பு முன்னுரைக்குத் திரும்பிப் போனேன். 1612இல் நூலை எழுதப் பணிக்கப்பட்ட துன் ஸ்ரீ லானாங் அங்கே தன் வழியைச் சொல்கிறார். எண்ணிப் பார்த்தால் முத்தாஹிர் அவருக்குப் பாட்டனுக்குப் பாட்டன். அதற்கு மேல் துன் அலி, உச்சியில் மணி புரிந்தன். பாட்டனுக்குப் பாட்டன் துரோகியென்று எந்தப் பேரன் எழுதுவான்? அதே மூச்சில், தன் இனம் மலாய், தன் வேர் பலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங் என்றும் சொல்கிறார். பஹிலி இளவரசனும் புக்கிட் சிகுந்தாங்கும் அவருக்கு ஒன்றோடொன்று இடிக்கவே இல்லை.

பிறகு சுல்தான் மஹ்மூதுக்குப் பாத்திமா பெற்ற மகன் அலாவுதீன் ஜொகூரை ஆண்டான். கொன்றவனுக்கு மகன், கொல்லப்பட்டவனுக்குப் பேரன்.

செஜாரா மெலாயுவின் பிரவுன் ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தால் இரவல் தாருங்கள் என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். இரவல் போன வின்ஸ்டெட் பதிப்பே இன்னும் வீடு திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தெரியும்.