சிங்கமும் காண்டாமிருகமும்

சிங்கத்துக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவு வெகு தூரம். ஒன்று மாமிசம் தின்னும் பூனைக் குலத்தது. மற்றொன்று புல் மேயும் பிராணி, குதிரைக்குத் தாயாதி முறை. ஒன்று ஸௌராஷ்டிரத்தின் வறண்ட கீர்க் காட்டில் திரிவது. மற்றொன்று பிரம்மபுத்திராவின் சேற்றில் புரள்வது. ஆனால் இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, வேட்டைத் துப்பாக்கியின் புண்ணியத்தால், இரண்டும் நமது தேசத்தில் அழிவின் வாயிலில் நின்றன.

ஜுனாகட் நவாப் சிங்க வேட்டையைத் தடுத்தார். அஸ்ஸாமில் காஜிரங்கா 1908-ல் ரிஸர்வ் காடாயிற்று. அதன் பலனைப் பாருங்கள்: 2025-ஆம் வருஷக் கணக்கில் சிங்கங்கள் 891, 2022-ஆம் வருஷக் கணக்கில் காஜிரங்காவில் மட்டும் காண்டாமிருகங்கள் 2,613. இது நாம் பெருமை கொள்ளத்தக்க காரியமே.

எனினும் இரண்டின் க்ஷேமமும் ஒன்றல்ல. அஸ்ஸாமின் மானஸ் காட்டில் 1990-களில் குழப்பம் மூண்ட சமயம், கொம்புக்கு ஆசைப்பட்ட திருடர்கள் அங்கிருந்த காண்டாமிருகங்களைப் பூண்டோடு தொலைத்தார்கள். அதனால் குலம் அற்றுப் போய்விட்டதா? இல்லை. வேறு காடுகளில் உறவினர் இருந்தனர். 2008 முதல் அவற்றில் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள். மானஸில் மறுபடியும் கன்றுகள் துள்ளின. உத்தரப் பிரதேசத்துத் துத்வாவிலும் 1984-லேயே காண்டாமிருகங்களைக் குடியேற்றியாயிற்று.

சிங்கத்துக்கு இந்தப் பாக்கியம் இல்லை. காட்டில் வாழும் ஆசியச் சிங்கம் அனைத்தும் ஸௌராஷ்டிரம் என்ற ஒரே பிரதேசத்தில்தான் இருக்கின்றன. 2018-ல் நாய்களிடம் காணும் வைரஸ் நோய் ஒன்று கீரில் புகுந்தது. சில வாரங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன. 1994-ல் இதே நோய் ஆப்பிரிக்காவின் ஸெரெங்கெட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குச் சிங்கங்களை வாரிக்கொண்டு போயிற்று.

இத்தகைய ஆபத்தை எண்ணித்தான், சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்கு அனுப்பும்படி சுப்ரீம் கோர்ட் 2013-லேயே தீர்ப்பளித்தது. ஆனால் 2022-ல் குனோவுக்கு வந்தவை ஆப்பிரிக்கச் சிவிங்கிப் புலிகள். 2025 கணக்கெடுப்பு வரையில் ஒரு சிங்கமும் அங்கே போய்ச் சேரவில்லை. பர்தா மலையில் சில சிங்கங்கள் புதிதாகக் குடியேறியிருப்பது சந்தோஷமே. ஆனால் பர்தாவும் ஸௌராஷ்டிரத்தில்தானே இருக்கிறது?

சிங்கத்தின்மேல் குஜராத்திகளுக்குள்ள அபிமானத்தை நாம் குறை கூறமாட்டோம். அந்த அபிமானமே அதைக் காப்பாற்றியது. ஆனால் ஸாரநாத்தில் கிடைத்த சிங்க முத்திரையைத் தேசம் முழுவதும் தன்னுடையதாகக் கொண்டிருக்கிறது. கல்லில் செதுக்கிய சிங்கத்துக்குக் கிடைத்த உரிமை, உயிருள்ள சிங்கத்துக்கும் கிடைக்க வேண்டாமா?