அறிவும் திறமையும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

“பையனுக்கு நல்ல மூளை” என்று யாரேனும் சொன்னால் பெற்றோர் பூரிக்கின்றனர். “பையன் கைவேலையில் கெட்டிக்காரன்” என்று சொன்னால் அதே பெற்றோரின் முகம் வாடிவிடுகிறது. அறிவு உயர்ந்தது, திறமை அதற்கு ஒரு படி கீழே என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் வேரூன்றி விட்டது. அது சரிதானா என்பதே என் கேள்வி.

அறிவை அளக்கும் சோதனையை 1905-ஆம் ஆண்டில் வகுத்தவர்கள் பிரான்சு நாட்டு ஆல்பிரட் பினேயும் தியோடர் சைமனும் ஆவர். படிப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து கைதூக்கி விடுவதே அதன் நோக்கம். பின்னாளில் அதுவே மனிதரைத் தரம் பிரித்து முத்திரை குத்தும் கருவியாயிற்று. 1983-இல் அமெரிக்க அறிஞர் ஹோவர்டு கார்ட்னர், மொழி, கணக்கு மட்டுமல்ல, இசை, உடலியக்கம், பிறரைப் புரிந்துகொள்ளுதல் முதலியனவும் அறிவின் வகைகளே என்றார். “அவை வெறும் திறமைகள்” என்று சிலர் மறுத்தனர். அப்படியானால் மொழியையும் கணக்கையும்கூடத் திறமை என்றே அழையுங்கள் என்பது அவர் அளித்த விடையின் சாரம். நம் வள்ளுவரும் கல்விக்கும் கேள்விக்கும் அறிவுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார் அன்றோ!

கணித மேதை இராமானுஜன் நம்மைப் போலவே ஓர் அரசுக் கல்லூரி மாணவர். 1904-இல் கும்பகோணத்தில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லாததால் அதனை இழந்தார். பின்பு பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1918-இல் இராயல் சொசைட்டி உறுப்பினரானார். இடையில் நடந்தது என்ன? இராமசாமி ஐயர், நாராயண ஐயர், ஹார்டி போன்றோர் மதிப்பெண் பட்டியலைப் பாராமல் அவர் எழுதிய கணக்குகளைப் பார்த்தனர். திறமையைக் கண்டுகொள்ளவும் அறிவு வேண்டும்.

மேதைகளை விடுவோம். ஐந்தாம் வகுப்பு வரை படித்த என் தந்தையார் மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளில் கொத்தனார் வேலை செய்பவர். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்துச் சுவரின் மூலையைச் சரிசெய்வார். அதையே பிதாகரஸ் தேற்றம் என்று எழுதி நான் மதிப்பெண் பெற்றேன். பூச்சு வழுவழுப்பாக அமைவது கைத்திறமை. ஆனால், பழைய வீட்டில் இரண்டு சுவர்களும் கோணலாக நிற்கும்போது எதை நம்பி நூல் பிடிப்பது என்று தீர்மானிக்கிறாரே, அது கையின் வேலையா? செய்வதைச் செவ்வனே செய்வது திறமை. புதிய சிக்கலில் எதைச் செய்வது என்று தேர்வது அறிவு. இரண்டும் ஒரே மனிதரிடம் கலந்தே இருக்கின்றன.

என் வகுப்புத் தோழன் ஒருவன் மாலை நேரங்களில் தியாகராய நகர்க் கடைகளில் மின் இணைப்பு வேலை செய்கிறான். ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டரின் முள் அசையாவிட்டால் அவனைத்தான் அழைப்போம். பேட்டரி, சாவி, கம்பி என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்து விடுவான். அவனுக்கு மூன்று தாள்கள் அரியர். “நமக்கெல்லாம் மூளை கிடையாதுடா” என்று சொல்லிப் படிப்பை நிறுத்த எண்ணுகிறான். ஒவ்வொன்றாக விலக்கிக் காரணம் காண்பதுதானே அறிவியல் முறை! அவனிடம் இல்லாதது அறிவன்று. அறிந்ததை ஆங்கிலத்தில் மூன்று மணி நேரத்திற்குள் எழுதும் பயிற்சியே.

அதற்காக மதிப்பெண்ணே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. மேற்படிப்பும் வேலையும் அதன் வழியாகவே வருகின்றன. எழுதுவதும் ஒரு திறமை, பழகினால் வரும். செய்முறை வகுப்பில் “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று தமிழிலேயே கேட்டு, அந்த விடையையே பின்னர் எழுத வைக்குமாறு விரிவுரையாளர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். மாலையில் ஒரு மணி நேரம் உடன் அமர்ந்து எழுதிப் பழகுவது தோழர்களாகிய நம் கடமை. அவனைப் போன்றோர் ஒவ்வொரு வகுப்பிலும் உள்ளனர். மாற்றுச் சான்றிதழ் கேட்டு அவர்கள் அலுவலகத்தின் முன் நிற்பதற்கு முன்பே இதைச் செய்வோம்.