சூதில் வெல்பவர் யார்?

பாரதப் போருக்கு வித்திட்டது பகடை. நளனை நாடிழக்கச் செய்து காட்டுக்கு அனுப்பியதும் பகடையே. சூதுக்கெனத் தனி அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர், அதனைக் கள்ளுண்ணாமைக்குப் பின்னும் மருந்துக்கு முன்னும் வைத்தார். வைத்த இடமே ஓர் எச்சரிக்கையன்றோ!

அன்று சூதாட அரசவையும் சகுனியும் வேண்டியிருந்தன. இன்றோ ஒரு கைபேசி போதும். விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டு, போர்வைக்குள் படுத்தபடியே ஒருவன் தன் தந்தையின் ஒரு மாதக் கூலியை இழந்துவிட முடியும். ஏட்டில் படித்ததை எழுதவில்லை, பட்டதை எழுதுகிறேன்.

2024-ஆம் ஆண்டின் தொடக்கம். நான் முதலாண்டு மாணவன். ரம்மி ஆட்டத்தில் என்னை வெல்ல விடுதியில் ஆளில்லை என்று பெயர். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது. கைபேசியில் பணம் கட்டி ஆடினேன். முதல் நாள் 340 ரூபாய் வந்தது. தூண்டில் இரையை மீன் விழுங்கிவிட்டது! அடுத்த மூன்றே இரவுகளில், தேர்வுக் கட்டணத்துக்கும் நூல்களுக்குமாக அன்னை கொடுத்தனுப்பிய 2,000 ரூபாயும் போயிற்று. பின்னர்க் கல்யாண மண்டபங்களில் நான்கு முகூர்த்த நாள்கள் பந்தி பரிமாறி, நாளுக்கு 500 ரூபாய் கூலி பெற்று, அபராதத்துடன் கட்டணத்தைக் கட்டினேன்.

இலை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. நான் நன்றாக ஆடுபவன் என்பது பொய்யன்று. பிறகு ஏன் தோற்றேன்?

‘ரம்மி சூதன்று, அது திறமை ஆட்டம்’ என்பதுதான் இத்தொழில் நடத்துவோர் இடைவிடாது சொல்லி வந்த வாதம். அதற்கு ஆதாரமும் உண்டு. செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று கூறிற்று. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று அறிய வேண்டும் அல்லவா? 2021-இல் தமிழகச் சட்டம் ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றதும், 2023 நவம்பரில் புதிய சட்டத்தின் தடையிலிருந்து ரம்மியையும் போக்கரையும் விலக்கியதும் இந்தத் திறமை வாதத்தை ஏற்றே.

ஆயின், அதே 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் மற்றொரு கருத்தும் இருக்கிறது. பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்தின் உரிமையாளர் ஆதாயம் பெற்றால் அது குற்றமாகலாம் என்று நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். முதற்பாதியை மேடைதோறும் முழங்கியவர்கள் பிற்பாதியை ஏன் மறந்தார்கள்? காரணம் அங்கேதான் இருக்கிறது!

நான் பொருளியல் மாணவன். ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் அமர்கிறார்கள். ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய். மேசையில் 600 ரூபாய் சேர்கிறது. ஆட்டம் நடத்தும் நிறுவனம் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். வென்றவனுக்கு 540, நிறுவனத்துக்கு 60. இப்படியே அறுவரும் நூறு ஆட்டம் ஆடினால் நிறுவனம் எடுப்பது 6,000 ரூபாய். அறுவரும் கொண்டுவந்தது எவ்வளவு? அதே 6,000! அறுவருமே அறிவாளிகளாயினும் முடிவு இதுதான். திறமை, ஒருவன் பணத்தை இன்னொருவனுக்கு மாற்றும். மேசையை விட்டுப் போகும் பணத்தை எந்தத் திறமையும் திருப்பிக் கொண்டுவராது.

கோவாவில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் சூதாட்டக் கப்பல்களின் அடிப்படையும் இதுவே. அத்தகைய கூடங்களில் சுழலும் ரூலெட் சக்கரத்தைப் பாருங்கள். ஒற்றைச் சுழியம் கொண்ட சக்கரத்தில் 37 எண்கள். ஒவ்வோர் எண்ணிலும் 100 ரூபாய் வைத்தால் செலவு 3,700. எந்த எண் விழுந்தாலும் கைக்கு வருவது 3,600 மட்டுமே. மோசடி எதுவும் தேவையில்லை. நேர்மையாகச் சுழன்றாலே போதும்!

அரசு நடத்தினாலும் இக்கணக்கு மாறாது. 1967-இல் கேரளமும் 1968-இல் தமிழகமும் பரிசுச் சீட்டு தொடங்கின. பொதுநலத்துக்குப் பணம் திரட்டுவதே நோக்கம். நோக்கம் நல்லதே. எனினும், விற்ற தொகையைவிடப் பரிசுத் தொகை குறைவாக இருந்தால்தானே நலத்திட்டத்துக்கு மிச்சம் வரும்? அந்த மிச்சத்தைக் கொடுத்தவர்களில் அன்றாடங்காய்ச்சிகள் எத்தனை பேர்! 2003-இல் தமிழகம் பரிசுச் சீட்டு விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது சரியான செயல் என்பதே என் கருத்து.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடின்றி, இணையவழியில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவரும் ஒப்புதல் அளித்தார். நான் இதை வரவேற்கிறேன். ‘வயது வந்தவன் தன் பணத்தை என்ன செய்தால் உனக்கென்ன?’ என்று கேட்கும் நண்பர்கள் இவ்வகுப்பிலேயே உண்டு. நான் இழந்தது என் பணமா? அன்னை தையல் இயந்திரத்தை மிதித்துச் சேர்த்த பணம் அது! தோற்பவன் தனியாகத் தோற்பதில்லை, நண்பர்களே. ஒரு குடும்பத்தையே பணயம் வைத்துத் தோற்கிறான்.

சட்டம் ஒரு வாசலை அடைக்கும். ஆசை இன்னொரு வாசலைத் தேடும். ஆகவே, விடுதி அறைகளில் நாமே ஒருவரையொருவர் காக்க வேண்டும். இரவில் விழித்திருக்கும் நண்பனை, அடிக்கடி கடன் கேட்கும் நண்பனை, ஏசாமல் அருகமர்ந்து விசாரியுங்கள். அன்று என்னை எவரேனும் விசாரித்திருந்தால், இரண்டாம் இரவோடு நிறுத்தியிருப்பேன்.

இரண்டாண்டுகள் மறைத்துவைத்த இச்செய்தியை, இக்கட்டுரை எழுதுமுன் அன்னையிடம் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. “மலர்ல எழுதட்டுமாம்மா?” என்று கேட்டேன். “எழுதுடா. இன்னொருத்தி பெத்த பிள்ளையாவது தப்பிக்கட்டும்” என்றார்.

எழுதிவிட்டேன்.