ரவிக்கை பிட்டும் பெரியம்மாவும்

சுண்டலுக்காக மட்டுமே கொலு வீட்டுக்குப் போன பார்ட்டிகள் எல்லாம் கை தூக்குங்க பார்ப்போம். (என் கையும் மேலதான் இருக்கு!)

நவராத்திரி வந்தா எங்க வீட்டுல நான்தான் டெக்கரேஷன் டிபார்ட்மென்ட். பரண்ல இருந்து பெட்டியை இறக்கணும். பழைய வேட்டியில சுத்தி வெச்ச பொம்மைகளைப் பிரிக்கணும். ட்ரங்க் பெட்டி, டேபிள், ஸ்டூல்னு கைக்குக் கிடைச்சதை அடுக்கி ஏழு படி கட்டணும். மேல மரப்பாச்சி ஜோடி, நடுவுல தசாவதாரம், கீழே பலசரக்கோட செட்டியார் தம்பதி. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் அடுக்கறப்போ என் அரியர் பேப்பர் புக்தான் எப்பவும் முதல்ல போகும். அன்னிக்குப் படிக்கக் கூடாதாமே, அடடா!

ஆனா உண்மையான சுவாரஸ்யம் படியில இல்லை, கிளம்பறவங்க கையில கொடுக்கிற வெற்றிலை பாக்குல இருக்கு. கூடவே மஞ்சள், குங்குமம், பழம், ஒரு ரவிக்கை பிட். அந்தக் காலத்துல சீப்பு, கண்ணாடி, வளையல். இப்போ பிளாஸ்டிக் டப்பா. வீட்டுக்கு வர்ற பெண்ணை அம்மனா நினைச்சுக் கொடுக்கிறதா ஐதீகம்.

அந்த ரவிக்கை பிட்டை யாராவது தைச்சுப் போட்டுப் பார்த்திருக்கீங்களா? அது சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு வருஷம் நானும் தங்கச்சியும் ஒரு நீலக் கலர் பிட்டோட ஓரத்துல பால்பாயின்ட்ல குட்டியா ஒரு புள்ளி வெச்சு அனுப்பினோம். அடுத்த வருஷம் அஷ்டமி அன்னிக்கு, நாலு தெரு தள்ளி இருக்கிற ஒரு மாமி கொடுத்த பையில அதே பிட், அதே புள்ளி! நாங்க சிரிச்சு உருள, அம்மா கூலா சொன்னாங்க: "கசக்காம வை, நாளைக்கு ஆகும்."

இப்படி ஊரையே சுத்தி வர்ற பிட்டு, எங்க வீட்டுச் சமையல்கட்டுக்கு மட்டும் போனதில்லை.

பெரியம்மா எங்களோடதான் இருக்காங்க. பெரியப்பா இறந்து பல வருஷமாச்சு. ஒன்பது நாள் சுண்டலும் பெரியம்மா கைதான். முதல் நாள் ராத்திரியே ஊற வெச்சு, பதமா வேக வெச்சு, மாங்காய் நறுக்கி, தேங்காய் துருவி... அந்தச் சுண்டலுக்கு ஏரியாவுலயே தனி மவுசு. ஆனா ஹாலுக்கு வர மாட்டாங்க. வரக் கூடாதுனு யாரும் சொன்னதில்லை. குங்குமச் சிமிழை நீட்டறவங்களுக்குச் சங்கடமா இருக்குமேனு அவங்களே ஒதுங்கிக்கிட்டாங்க. இத்தனை வருஷம் கூடவே இருந்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஹாஸ்டல் ஃப்ரெண்ட் ஒருத்தி வந்திருந்தா. சுண்டலை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டு, நேரா உள்ளே போய், "சூப்பர் ஆன்ட்டி! நீங்க வெற்றிலை பாக்கு வாங்கியாச்சா?"ன்னு கேட்டா. ஹால்ல இருந்த அத்தனை பேரும் திடீர்னு பொம்மையை ரசிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

மங்களூர் குத்ரோளி கோகர்ணநாதேஸ்வரர் கோயில்ல 2013 அக்டோபர்ல, நவராத்திரி சமயத்துலயே, கணவரை இழந்த ரெண்டு பெண்களை அர்ச்சகர்களா நியமிச்சாங்க. கணவரை இழந்தவர்ங்கிறதுக்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள்ள வர விடாம தடுக்க முடியாதுனு 2023 ஆகஸ்ட்ல நம்ம சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிடுச்சு. கருவறை வரைக்கும் போயாச்சு. நம்ம ஹால் என்ன அவ்ளோ தூரமா, பாஸ்? உங்க வீட்டுலயும் கொலு சமயத்துல சமையல்கட்டை விட்டு வெளியே வராத ஆள் யாராவது இருக்காங்களானு ஒரு தடவை எட்டிப் பாருங்க.

அடுத்த வருஷம் என் பாக்கெட் மணியில ஒரு மெரூன் பிட் வாங்கினேன். முதல் நாள், யாரும் வர்றதுக்கு முன்னாடியே, தட்டோட பெரியம்மா முன்னாடி போய் நின்னேன். அம்மா, "நாலு பேர் என்னடி சொல்லுவாங்க?"ன்னு இழுத்தாங்க. ஆனா தட்டைத் தடுக்கலை.

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்?" பெரியம்மா ஈரக் கையைப் புடவையில துடைச்சுக்கிட்டே நின்னாங்க. ரொம்ப நேரம் கழிச்சு மஞ்சளை எடுத்தாங்க, வெற்றிலையை எடுத்தாங்க. குங்குமத்தைப் பார்த்தாங்க, தொடலை. நானும் வற்புறுத்தலை. அது அவங்க இஷ்டம்.

அப்புறம் அந்த மெரூன் பிட்டைப் பிரிச்சு, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"என்ன பெரியம்மா?"

"புள்ளி இருக்கானு பார்க்கறேன்!"