மண்சரிவுக்கு முன்னெச்சரிக்கை உண்டு, இரசாயனத் தொட்டிக்கு?

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்குமாறும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறுமாறும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவிக்கிறது. எந்த மலை எப்போது சரியும் என்று எவருக்கும் தெரியாது. தெரியாது என்பதால்தான் எல்லை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. 2016 மே மாதம் அரநாயக்க அழிவைக் கண்ட கேகாலைக்கு அதன் பெறுமதி புரியும். குண்டு எங்கே விழும் என்று தெரியாமலேயே பதுங்குகுழி வெட்டிய மக்களுக்கும் இந்தத் தர்க்கம் புதிதல்ல.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர் தொழிற்சாலைகளுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். இறப்பர் பால் உறையாதிருக்க அமோனியா சேர்க்கப்படுகிறது. பாலைச் செறிவாக்கிய பின் எஞ்சும் மெல்லிய பாலை உறையவைக்க சல்பூரிக் அமிலம் பயன்படுகிறது. அமோனியா நீரில் கரையும்போதும், அமிலம் நீருடனோ அமோனியாவுடனோ சேரும்போதும் வெப்பம் வெளியாகிறது. அமிலத்தை நீருக்குள் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

வாளியில் அடங்கும் வெப்பம் தொட்டியில் அடங்காது. தொட்டி பெரிதாகும் அளவுக்கு, வெப்பத்தை வெளியேற்றும் மேற்பரப்பு பெரிதாவதில்லை. பல இரசாயனத் தாக்கங்களின் வேகம் வெப்பநிலை 10 பாகை உயர்ந்தாலே ஏறத்தாழ இரட்டிப்பாகும். குளிரூட்டல் அந்த வேகத்தில் கூடாது. ஓர் எல்லையைக் கடந்தபின் நிறுத்துவது கடினம்.

2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பொலிமர்ஸ் ஆலையில் நடந்தது இதுதான். ஊரடங்கினால் மூடிக்கிடந்த ஆலையின் தொட்டியிலிருந்த ஸ்டைரீன் தானாகச் சூடேறி ஆவியாகப் பரவியது. 12 பேர் இறந்தனர். வெப்பமானி தொட்டியின் அடியில் மட்டுமே இருந்தது. மேற்பகுதி கொதித்ததை அது காட்டவில்லை. குளிரூட்டியும் இரவில் இயக்கப்படவில்லை.

ஆகவே, கருவி பொய் சொல்லும், மின்சாரம் நின்றுபோகும், மனிதர் தவறுவர் என்று கருதியே பாதுகாப்பைத் திட்டமிடவேண்டும். வெவ்வேறு உயரங்களில் வெப்பமானிகள் தேவை. தவறுதலாகத் திறந்தாலும் ஒரேயடியாகக் கொட்டாதபடி அமிலக் குழாய் சிறிதாக இருக்கவேண்டும். அழுத்தத்தை வெளியேற்றும் வழி மின்சாரமின்றி இயங்கவேண்டும். எச்சரிக்கை ஒலி, ஆபத்து எல்லைக்கு வெகு முன்பே எழவேண்டும்.

2018 ஏப்ரலில், இரத்தினபுரிக்கு அயலிலுள்ள களுத்துறை மாவட்டத்தின் ஹொரணையில், இறப்பர் தொழிற்சாலையொன்றின் அமோனியாத் தொட்டியில் சிக்கி ஐவர் இறந்தனர். காப்பாற்றச் சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். மூடிய தொட்டிக்குள் சுவாசக் கருவியின்றி இறங்கக்கூடாது என்பது விபத்துக்குப் பின் கற்கும் பாடமாக இருக்கக்கூடாது.

தொழிற்சாலைகளை ஆளும் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டுக்குரியது. தொழிற்சாலைக்கு அருகிலேயே லயன்கள் உள்ள தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை. தொட்டியில் எத்தனை வெப்பமானிகள் உள்ளன? இரவில் யார் பார்க்கிறார்கள்? எச்சரிக்கைப் பலகை தமிழில் இருக்கிறதா? அபாயச் சங்கு ஊதினால் லயத்துப் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடவேண்டும்? சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இவற்றுக்கும் இடம் வேண்டும்.